சட்டத்தரணியின் அலுமாரியும் தொழிலாளியின் வழக்கும்

ஒரு சட்டத்தரணியின் அலுவலக அலுமாரியில் அடுக்கப்பட்டிருக்கும் வழக்குக் கோப்புகள் யாருடையவை? பூட்டு அவருடையது, சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்கின்றது. ஆயினும் உள்ளே இருக்கும் பிறப்புப் பத்திரமும், சம்பளச் சீட்டும், தழுதழுத்த குரலிற் சொல்லி எழுதுவித்த வாக்குமூலமும் அவரை நம்பி வந்த கட்சிக்காரனுடையவை. இந்த எளிய உண்மையை நமது நாட்டிற் சட்டம் இயற்றுவோரும் அதனை நிறைவேற்றுவோரும் மனத்திற் பதித்திருப்பார்களேயானால், நாம் இத்தலையங்கத்தை எழுத நேர்ந்திராது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி. கொள்ளைநோயின் காரணமாக நாடு ஊரடங்கில் முடங்கிக் கிடந்த சித்திரைப் புத்தாண்டுக் காலம். அன்று சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினராற் கைது செய்யப்பட்டார். 2018இற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலே நடைபெற்ற வழக்குகளில் தோன்றிய சட்டத்தரணிகளுள் அவரும் ஒருவர். 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் தொடர்பான விசாரணையின் பெயரால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் தடுத்து வைக்கப்பட்டார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது 2022 பெப்ரவரியில். ஏறத்தாழ 22 மாதங்கள் அவர் சிறையிலும் தடுப்புக் காவலிலும் கழித்தார். சர்வதேச மன்னிப்புச் சபை அவரை மனச்சாட்சிக் கைதி என அறிவித்தது.

அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களின் மெய் பொய்யைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, பத்திரிகையின் வேலையன்று. நாம் எடுத்துக் கொள்வது வேறொரு விடயம். கைதோடு தேடுதலும் நடைபெற்றது. அவருடைய தொழிலிடத்திலே வழக்குக் கோப்புகள் புரட்டிப் பார்க்கப்பட்டன என்றும், கைப்பேசியும் கணினியும் விசாரணையாளர் கைக்குச் சென்றன என்றும் அவர் சார்பில் அப்போதே முறையிடப்பட்டது. அவரைக் காணச் சென்ற சட்டத்தரணிகள், அதிகாரிகள் கேட்கும் தூரத்தில் இருக்கவே அவரோடு பேச வேண்டியிருந்தது என்றும் முறையிடப்பட்டது. நீதிமன்றங்களில் மனுக்கள் தாக்கலாயின. நாட்டிலும் வெளியிலும் சட்டத்தரணிகள் குரல் எழுப்பினர். ஆனால் அக்குரலிற் பெரும்பகுதி கைதானவரின் விடுதலையைப் பற்றியதாக இருந்தது. அது இயல்பே, உடல் கூட்டுக்குள் இருக்கையிற் கோப்பைப் பற்றி யார் பேசுவார்? ஆகையினாலேயே கோப்பைப் பற்றிய கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அக்கோப்புகளிலே பெயர் எழுதப்பட்டிருந்த மனிதர்கள், கைதானவரோடு எவ்விதத் தொடர்புமின்றித் தத்தமது காணி வழக்குக்காகவும் குடும்ப வழக்குக்காகவும் அவரை நாடியவர்களாயும் இருக்கக்கூடும். அவர்களுடைய இரகசியம் என்னவாயிற்று?

சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பொலிஸ் அத்தியட்சர் ஒருவருக்கோ, அவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்த உப பரிசோதகர் ஒருவருக்கோ, நீதவானின் பிடியாணையின்றியே எவ்விடத்திலும் புகுந்து தேடவும், சட்டவிரோதச் செயலோடு தொடர்புடைய எந்த ஆவணத்தையும் கைப்பற்றவும் இடமளித்தது. 'எந்த ஆவணத்தையும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அது வைத்தியரின் குறிப்பேடா, சட்டத்தரணியின் கோப்பா, கடைக்காரனின் கொப்பியா என்ற வேறுபாடு அங்கே இல்லை. 2022இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது தடுத்துவைப்பின் உச்ச எல்லை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. சட்டத்தரணியின் அலுமாரிக்கென ஒரு தனிக் காப்பு அப்போதும் எழுதப்படவில்லை.

ஆனால் அதே நாட்டின் இன்னொரு சட்டத்தைப் புரட்டினால் வியப்பாக இருக்கின்றது. வெள்ளையர் காலத்து 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் 126ஆம் பிரிவிலே, கட்சிக்காரன் தன்னிடம் சொன்னதையும், தொழில்முறையில் தான் பார்த்த ஆவணத்தின் உள்ளடக்கத்தையும், அவனுடைய சம்மதமின்றிச் சட்டத்தரணி வெளியிடலாகாது என்று திட்டவட்டமாக விதிக்கின்றது. அதன் 129ஆம் பிரிவு கட்சிக்காரனுக்கும் அதே கவசத்தை அணிவிக்கின்றது. நீதியரசரே கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை! அவ்வாறாயின், சாட்சிக் கூண்டிலே நீதியரசர் கேட்டுப் பெற முடியாத ஒன்றை, அலுமாரியை உடைத்து ஒரு உப பரிசோதகர் எடுத்துச் செல்லலாமோ? வாய்க்குப் பூட்டுப் போட்ட சட்டம் அலுமாரியை அகலத் திறந்து வைத்திருப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

அரசியலமைப்பைத் துணைக்கு அழைக்கலாம் என்றால், அங்கும் முழுமையான மருந்து இல்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலே தனிமைக்கான உரிமை என்று ஒன்று எழுதப்படவில்லை. ஆகவே ஆவணம் பறிகொடுத்த சட்டத்தரணி, 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவத்தையும், 14(1)(எ) ஈறாக விரியும் தொழில் செய்யும் சுதந்திரத்தையும், அவருடைய கட்சிக்காரன் 13(3)ஆம் உறுப்புரையின் கீழ் சட்டத்தரணி மூலம் செவிமடுக்கப்படும் உரிமையையும் பற்றிக்கொண்டே உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியவர்களாக இருக்கின்றனர். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையில் இலங்கை 1980இற் சேர்ந்தது. அதன் 17ஆம் உறுப்புரை ஒருவரது தனிமையிலும் இல்லத்திலும் கடிதப் போக்குவரத்திலும் எதேச்சையாகத் தலையிடுவதைத் தடுக்கின்றது. ஆயினும் அப்பொருத்தனைக்குச் செயலுருக் கொடுப்பதாகச் சொல்லி 2007இல் இயற்றப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டத்தில் இந்த 17ஆம் உறுப்புரையைக் காணோம். சர்வதேச மேடையிற் கையெழுத்திட்டு விட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதனைத் தொலைத்துவிட்டார்கள் போலும்!

உலகம் இக்கேள்வியை நமக்கு முன்னரே எதிர்கொண்டிருக்கின்றது. 1762 நவம்பரில், இங்கிலாந்திலே ஜோன் என்ரிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசாங்கத் தூதர் நால்வர் புகுந்து, நான்கு மணி நேரம் பெட்டிகளையும் மேசைகளையும் உடைத்துக் கடதாசிகளை வாரிச் சென்றனர். அமைச்சர் ஹலிபாக்ஸ் பிரபு கொடுத்த ஆணை அவர்கள் கையில் இருந்தது. என்ரிக்கும் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதியவர் என்பதை நாம் சிறிது பெருமையோடு இங்கே குறித்துக் கொள்கின்றோம். அவர் வழக்குத் தொடுத்தார். 1765இல் கம்டன் பிரபு அளித்த தீர்ப்பின் சாரம் இதுதான்: சட்டம் வெளிப்படையாக அதிகாரம் தராதவிடத்து, அமைச்சரின் ஆணையாயினும் அரசின் அவசியமாயினும் ஒருவனது கடதாசிகளைத் தொட இடமளியாது. இலங்கை தன் பொதுச் சட்டத்தின் பெரும்பகுதியை எந்த நாட்டிலிருந்து இரவல் பெற்றதோ, அந்த நாட்டின் கதை இது. இரவல் பெறும்போது அதிகாரத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, அதற்குரிய கடிவாளத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டோமா?

சட்டத்தரணிகளைப் பற்றிய நேரடியான தீர்ப்பு ஜேர்மனியிலிருந்து வந்தது. பிரைபேர்க் நகரத்துச் சட்டத்தரணி நீமிட்ஸ் என்பவருடைய அலுவலகம் 1986 நவம்பர் 13ஆம் திகதி சோதனையிடப்பட்டது. அவர் குற்றவாளியென்று யாரும் சொல்லவில்லை. ஒரு நீதிபதியை இழித்துரைத்துக் கடிதம் அனுப்பிய வேறொருவன் யாரென்று கண்டறிவதே நோக்கம். அதற்காகக் கட்சிக்காரர் விபரம் அடங்கிய நான்கு அலுமாரிகள் துருவப்பட்டன. தேடியது கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அங்கே நீதிமன்றத்தின் பிடியாணை இருந்தது! அப்படியிருந்தும், 1992 டிசம்பர் 16ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது என்ன? சட்டத்தரணியின் அலுவலகமும் 'இல்லம்' என்ற பாதுகாப்புக்கு உட்பட்டதே. பிடியாணை அளவுக்கு மீறி அகலமாக எழுதப்பட்டிருந்தது. சுயாதீனமான ஒரு பார்வையாளரும் அங்கே நிறுத்தப்படவில்லை. ஆகவே மனித உரிமை மீறப்பட்டது. ரஷ்யாவிலும் ஒரு சட்டத்தரணியின் கணினி 2000 மார்ச்சிற் கைப்பற்றப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு மேல் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. ஸ்மிர்னோவ் என்ற அவரது வழக்கில் அதே நீதிமன்றம் 2007இல் ரஷ்ய அரசைக் குற்றம் கண்டது. கைப்பற்றுவது ஒரு தவறென்றால், கைப்பற்றியதைத் திருப்பிக் கொடாமல் வைத்திருப்பது மற்றொன்று. நமது பொலிஸ் நிலையங்களின் பின்னறைகளிலே தூசு படிந்து கிடக்கும் 'வழக்குப் பொருட்களை'ப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது தவறின் கனம் தெரியும்.

கொழும்பும் லண்டனும் பிரைபேர்க்கும் கிடக்கட்டும்; எட்டியாந்தோட்டையிலே விடியற்காலையில் றப்பர் மரத்திற் பால் வெட்டுகின்ற பெண்ணுக்கும், இறக்குவானையிற் கொழுந்து கிள்ளுகின்றவளுக்கும் இதனால் என்ன என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்காகவே இவ்வளவும் எழுதினோம். இந்த நாட்டில், கடதாசி இல்லாத காரணத்தால் வாழ்வையே இழந்த சமூகம் ஒன்று உண்டென்றால், அது தோட்டத் தமிழருடைய சமூகமே.

நம் பாட்டனார் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்தாலன்றி அவன் பழைய தோட்டத்தை விட்டு நகர முடியாது. ஒரு சாண் கடதாசி ஒரு குடும்பத்தைக் கட்டிப் போட்டது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கட்டிப்போட்ட கடதாசி ஒழிந்தது. ஆனால் அவிழ்த்துவிடும் கடதாசிக்கான ஓட்டம் பின்னர்தான் தொடங்கிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறப்பதாகச் சொல்லி, 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன்னர் விவாகமானவர் 7 ஆண்டும் விவாகமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டுமென்றது. எதைக் கொண்டு நிரூபிப்பது? செக்றோல் தோட்டத்துரையின் கந்தோரில் இருந்தது. பிறப்பைப் பதிந்தவர் துரையின் கணக்கப்பிள்ளை. சாட்சியெல்லாம் எதிராளியின் பெட்டிக்குள் இருக்க, வழக்கை நிரூபிக்கும் பாரம் ஏழையின் தலையில்! 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி காலவெல்லை முடிவதற்குள் சற்றேறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றிலே அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஈற்றில் அச்சட்டத்தின் கீழ் உரிமை பெற்றவர் ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரளவில்தான்.

அந்த நாட்களிலே சப்பிரகமுவ மண்ணிலிருந்துதான் அந்த அநீதிக்கு எதிரான பெரு வழக்கு எழுந்தது என்பதை இளந்தலைமுறை மறந்து விட்டது. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தேர்தற் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோடாகன்பிள்ளை என்பவர் கோரினார். பதிவு அதிகாரி மறுத்தார். திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1951இல் அன்றைய உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கவிழ்த்தது. வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை ஏறி, 1953இல் அங்கும் தோற்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையோரைக் காக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பேரிடி. ஆயினும் ருவன்வெல்லையில் எழுதப்பட்ட ஒரு மறுப்புக் கடதாசி, கேகாலையிலிருந்து புதுக்கடைக்கும், புதுக்கடையிலிருந்து லண்டனுக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததே, அது எவ்வாறு? அதனை வாங்கி, கட்டி, பூட்டி, உரிய நாளில் உரிய மன்றில் வைத்த சட்டத்தரணிகள் இருந்தமையால். வழியில் எவரும் அக்கட்டைப் பறிக்கவில்லை. பறித்திருந்தால் தோல்வி கூட நமக்குக் கிடைத்திராது. ஏட்டிலே ஒரு வரியும் இருந்திராது.

அதே கேகாலை மாவட்டத்திலே, உந்துகொடைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் சுவீகரித்து, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேறப் பணித்தபோது, 1946இற் சுற்றுப்புறத் தோட்டங்களெல்லாம் வேலைநிறுத்தத்தில் இறங்கின. இப்பகுதி மக்களின் காணி வரலாறு அத்தகையது. இன்றும் நிலை பெரிதாக மாறிவிடவில்லை. தோட்டங்களிற் பெரும்பாலானவை 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றன. மண் அரசுக்குரியதாகவே இருக்கின்றது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறற் சட்டத்தின் கீழ் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்படும் ஒருவன், செல்லுபடியான அனுமதிப் பத்திரமோ அரசின் எழுத்து மூலமான வேறு அதிகாரமோ தன்னிடம் உண்டென்று காட்டலாம். மூன்று தலைமுறை அந்த லயத்திற் பிறந்து இறந்தது அங்கே வாதமாகாது. காட்டுவதற்குக் கடதாசி வேண்டும். அக்கடதாசி லயத்துக் காம்பராவில் தங்குமா? 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலே காடையர் தீயிட்டபோது, உடுப்போடும் பானைச் சட்டியோடும் எத்தனை பிறப்புப் பத்திரங்கள், எத்தனை பிரஜாவுரிமைச் சான்றிதழ்கள் சாம்பலாயின என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. ஓடு பறக்கும் கூரையும் மழைக்குச் சரியும் மண்மேடும் இன்னும் அங்கே இருக்கின்றன. ஆதலால் அறிவுள்ள தொழிலாளி, மூலப் பத்திரத்தைப் பாதுகாப்பான இடமென்று நம்பிச் சட்டத்தரணியிடமோ சங்கக் காரியாலயத்திலோ ஒப்படைக்கின்றான்.

அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்போம். ஒரு தோட்டத்திற் பணிக்கொடை மறுக்கப்பட்ட முதியவளின் வழக்கு என்று வைத்துக் கொள்வோம். சேமலாப நிதிப் பத்திரம், பெயர் மாறி எழுதப்பட்ட இரண்டு அடையாளச் சான்றுகள், கைநாட்டிட்ட சத்தியக் கடதாசி. இவற்றோடு, தொழில் நியாய சபையில் அவளுக்காகச் சாட்சி சொல்ல இணங்கிய நால்வரின் பெயர்களும் இருக்கின்றன. அந்த நால்வரும் இன்னும் அதே தோட்டத்திற் பெயர் போட்டு வேலை செய்கின்றவர்கள். இப்பெயர்கள் விசாரணைக்கு முன்னர் அந்நியர் கண்ணிற் படுமேயானால் என்ன நிகழும் என்பதைத் தோட்டத்தில் ஒரு வாரம் வாழ்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. பொலிஸ் நிலையத்திலிருந்து தோட்டக் கந்தோருக்குச் செய்தி செல்ல வெகு நேரம் பிடிப்பதில்லை.

மொழியையும் மறந்துவிடக் கூடாது. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்ற ஏடுகள் சிங்களத்தில் நடைபெறுகின்றன. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் வழக்குத் தொடரவும் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை தருகின்றது என்பது உண்மையே. உரிமை ஏட்டில் இருக்க, தன் வழக்கில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதைத் தன் சட்டத்தரணியின் வாயால் மட்டுமே அறிகின்ற நிலையில் நமது மக்கள் இருக்கின்றனர். கொழும்பிலே ஒரு வர்த்தகரின் கோப்புப் பறிபோனால், பிரதி அவரது கந்தோரில் இருக்கும். தோட்டத் தொழிலாளியின் கோப்புப் பறிபோனால், அவனது வழக்கே பறிபோகின்றது.

காலத்தின் கணக்கும் உண்டு. அரச அதிகாரியால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் அக்கணக்கிற் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. பொலிஸ் அடித்து உதைத்த ஒரு இளைஞனின் வைத்தியச் சான்று அந்தக் கோப்பில் இருந்து, அக்கோப்பு ஆறு வாரம் வேறெங்கோ முடங்கிக் கிடந்தால், அவனுடைய மாதம் எங்கே போயிற்று? அவனை அடித்த நிலையமும் அக்கோப்பை எடுத்துச் சென்ற நிலையமும் ஒன்றாகவே இருந்துவிட்டால்?

இனி, மறுதரப்பு வாதத்தைக் கேட்போம். சட்டத்தரணிகளிலும் கள்வர் உண்டு. கோப்பு என்ற போர்வையிற் கள்ள உறுதியும் கறுப்புப் பணமும் மறைக்கப்படலாம். அப்படியிருக்க அலுமாரிக்குத் தெய்வ சந்நிதானத்தின் புனிதம் கொடுப்பதா என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. கள்ள உறுதியால் காணி இழந்த ஏழைகள் இரத்தினபுரியிலும் இருக்கின்றார்கள். அந்தக் கள்ளத்துக்குத் துணைபோன நொத்தாரிசுமாருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 1895ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு விடை வைத்திருக்கின்றது. சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டுச் சொல்லப்பட்டதற்கு அங்கே பாதுகாப்பு இல்லை. சர்ச்சை அதுவன்று. எது பாதுகாப்புக்குரியது, எது அல்ல என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அலுமாரியின் முன் நிற்கும் அதிகாரியே தீர்மானிப்பாராயின், தீர்மானிப்பதற்கு முன்னர் எல்லாவற்றையும் அவர் வாசித்தாக வேண்டும். வாசித்தபின் மறந்து விடுவாரோ? இரகசியம் என்பது உடைந்த முட்டை, மீண்டும் ஒட்டுவாரில்லை.

அயல்நாட்டில் அண்மையில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2025 ஜூனில், சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு, அவர் கட்சிக்காரருக்குக் கொடுத்த சட்ட ஆலோசனையின் பேரில் இந்திய அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பியது. வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தெழவே அந்த அழைப்பாணை மீளப் பெறப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விடயத்தைக் கையிலெடுத்து, 2025 ஒக்டோபர் 31ஆம் திகதி தீர்ப்பளித்தது. சட்டம் குறிப்பிடும் விலக்குகளுள் ஒன்று பொருந்தினாலன்றி, கட்சிக்காரரின் விபரத்தை அறிய வழக்கறிஞரை அழைக்கலாகாது. அழைப்பதாயின் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி எழுத்து மூலம் காரணம் காட்டி ஒப்புதல் தர வேண்டும். ஆவணங்களைப் பொறுத்தவரை, வாயின் இரகசியத்துக்குரிய அதே விசேட பாதுகாப்பை அந்நீதிமன்றம் அவற்றுக்கு முழுமையாக வழங்கவில்லை. அது நமக்கு ஏமாற்றமே. ஆயினும் அவை நீதிமன்றத்தின் முன்னரே சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்றும், கணினி போன்ற கருவிகள் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் அறிய, மற்றைய கட்சிக்காரரின் விபரம் வெளிப்படாதவாறு நீதிமன்றத்திலேயே திறக்கப்பட வேண்டும் என்றும் அது விதித்தது. பாக்குநீரிணைக்கு அப்பால் உள்ள சான்றுச் சட்டமும் நம்முடைய சான்றுச் சட்டமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது?

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு மாற்றாக 2018இல் ஒரு சட்டமூலமும் 2023இல் வேறொன்றும் வந்தன, இரண்டும் நிறைவேறவில்லை. மாற்றுச் சட்டமூலம் எதனை எந்த அரசாங்கம் கொண்டு வந்தாலும், மலையகப் பிரதிநிதிகள் முதலிற் புரட்ட வேண்டியது அதன் தேடுதல் அதிகாரப் பிரிவையே. சட்டத்தரணியின் தொழிலிடத்தில் நீதவானின் பிடியாணையின்றிக் கால் வைக்கலாகாது என்று அதில் எழுத வேண்டும். எந்தக் கட்சிக்காரரின் எந்தக் கோப்பு என்று பிடியாணையிலே பெயர் சொல்ல வேண்டும். சட்டத்தரணிகள் சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆட்சேபம் எழுந்தால் கோப்பு அவ்விடத்திலேயே முத்திரையிடப்பட்டு, வாசிக்கப்படாமல் நீதவானிடம் செல்ல வேண்டும். எடுத்த ஒவ்வொரு தாளுக்கும் பற்றுச்சீட்டு. திருப்பிக் கொடுக்க நாட்கணக்கு. முறைகேடாக எடுத்தவற்றைச் சாட்சியமாக ஏற்காத விதி. இவை ஐரோப்பியர் கண்டுபிடித்த ஆடம்பரமல்ல. 1990இல் ஹவானா மாநாட்டில் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட சட்டத்தரணிகளின் பணி பற்றிய அடிப்படைக் கோட்பாடுகள், சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தொடர்பின் இரகசியத்தை அரசாங்கங்கள் மதிக்க வேண்டும் என்றும், கட்சிக்காரரின் காரியத்தைக் கொண்டு சட்டத்தரணியை அடையாளம் காணலாகாது என்றும் கூறுகின்றன.

இரத்தினபுரி, பலாங்கொடை, கேகாலை, அவிசாவளை ஆகிய இடங்களிலே தொழில் புரியும் சட்டத்தரணிகள் பாராளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவ்வாறான தேடுதல் எங்கு நடந்தாலும் உடனே சென்று நிற்பதற்கு ஒருவரை முறைவைத்து நியமிப்பது அவர்களது சங்கக் கிளைகளின் கையில் இருக்கின்றது.

தோட்டத்துத் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தரணியிடமோ சங்கத்திடமோ எந்தக் கடதாசியைக் கொடுத்தாலும், முதலில் அதற்கு ஒரு பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். கொடுத்தவற்றின் பட்டியலை இரண்டு தாளில் எழுதி, ஒன்றிலே அவருடைய கையொப்பத்தையும் திகதியையும் வாங்குங்கள். அந்தத் தாளை வீட்டில் வைக்க இடமில்லையென்றால், வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ உறவினரிடமோ கொடுத்து வையுங்கள். கோப்பு பறிக்கப்பட்டது என்று கேள்விப்பட்டால், சட்டத்தரணி முறையிடுவார் என்று இருந்து விடாமல், கோப்பு உங்களுடையது என்று நீங்களே உங்கள் பெயரால், அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதுங்கள்.